சித்திரக் கொப்பிக்குள் என்ன இருக்கிறது?

இந்தச் சஞ்சிகையின் தலைப்புச் சித்திரங்களையும் பக்க ஓரங்களில் வரும் சிறு கோட்டுப் படங்களையும் மூன்று வருடங்களாக வரைந்து வருபவள் நான். அதனாலோ என்னவோ, கீழ் வகுப்புத் தங்கைமார் என்னைக் கண்டால் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "தாத்தா, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?"

அந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. சித்திரம் வரைபவர் கண்ணை மூடி அமர்ந்திருப்பார், மனதில் ஒரு காட்சி பளிச்சிடும், கை உடனே அதைத் தாளில் இறக்கிவிடும் என்ற நம்பிக்கை. எனக்குத் தெரிந்தவரை அப்படி எதுவும் நடப்பதில்லை. சென்ற இதழில் ஒரு சிறுகதைக்கு நான் வரைந்த தையல் மெஷினைப் பலர் பாராட்டினார்கள். அந்த மெஷின் எங்கள் மாமியுடையது. அதன் கைச்சக்கரத்தை மட்டும் ஒன்பது தடவை வரைந்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தக் கதை என் கைக்கு வருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், ஒரு நோன்புப் பெருநாள் காலத்தில், மாமி எல்லோருக்கும் உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்து வரைந்தவை அவை. கதை வந்தபோது மெஷின் கொப்பியில் தயாராக இருந்தது. அவ்வளவுதான்.

இப்படி வரைபவற்றைப் பரும்படிப் படங்கள் என்று சித்திர ஆசிரியைமார் சொல்வார்கள். பிறருக்குக் காட்டுவதற்காக அல்லாமல், வரைபவர் தனக்குத் தெரிந்துகொள்வதற்காக வரையும் படங்கள். வர்ணம் தீட்டி, சட்டமிட்டு, போட்டிக்கு அனுப்பும் ஓவியத்துக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பரும்படிப் படத்தில் கோடு தவறிப் போகலாம், பாதியில் நிற்கலாம், ஒன்றின் மேல் ஒன்று ஏறலாம். அழிறப்பர் கூடத் தேவையில்லை. நான் பயன்படுத்துவது பழைய சீ.ஆர். கொப்பிகளில் எஞ்சிய பக்கங்களைப் பிரித்துத் தைத்த கொப்பியும் ஒரு 2பீ பென்சிலும்தான்.

நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் கற்கிறேன். சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்கவில்லை. "விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கு இது எதற்கு? நேரம்தானே வீண்?" என்று கேட்பவர்கள் உண்டு. "இவ்வளவு வரையத் தெரிந்தும் ஏன் சித்திரத்தை விட்டாய்?" என்று மறுபக்கத்திலிருந்து கேட்பவர்களும் உண்டு. இரண்டு கேள்விகளும், இவை இரண்டும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் என்ற எண்ணத்திலிருந்துதான் வருகின்றன. இதற்கு ஒரு பதில் தேடித்தான் பியட்ரிக்ஸ் பொட்டர் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் சித்திரக் கொப்பிகள் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். நீல மேலாடை அணிந்த பீற்றர் முயலின் கதையை உங்களில் பலர் ஆங்கில நூலகப் பகுதியில் கண்டிருப்பீர்கள். அதை எழுதி வரைந்தவர் அவர்தான்.

பொட்டர் 1866ஆம் ஆண்டு லண்டனில் வசதியான ஒரு குடும்பத்தில் பிறந்தார். பாடசாலைக்கு அனுப்பப்படவில்லை. வீட்டுக்கு வந்த ஆசிரியைமாரிடமே படித்தார். கூட்டாளிகள் என்று சொல்ல அவருக்கு இருந்தது ஆறு வயது இளைய தம்பி பேட்ரம் மட்டுமே. ஆனால் மேல்மாடியிலிருந்த படிப்பு அறையில் முயல், சுண்டெலி, முள்ளெலி, தவளை, பல்லி, வெளவால், நத்தை என்று ஒரு கூட்டமே வாழ்ந்தது. கோடை காலத்தில் குடும்பம் ஸ்கொட்லாந்துக்குப் போகும். 1875இல், எட்டு வயதில், டால்கைஸ் என்ற இடத்தில் அவர் வரைந்த ஒரு கொப்பி இன்று லண்டன் விக்டோரியா அன்ட் அல்பேட் நூதனசாலையில் பாதுகாக்கப்படுகிறது. அதில் இருப்பவை மயிர்க்கொட்டிகள். எட்டு வயதுப் பிள்ளையின் கை என்பது கோட்டில் தெரிகிறது. ஆனால் படங்களோடு குறிப்பும் இருக்கிறது: இது எந்தச் செடியைத் தின்னும், எங்கே காணப்படும் என்று.

எனக்கு அந்தக் குறிப்புத்தான் முக்கியமாகப் பட்டது. படத்தோடு எழுத்தும் சேரும்போது கொப்பி வேறொன்றாகிவிடுகிறது. மயிர்க்கொட்டியை வரைந்து முடித்ததும் அது என்ன தின்கிறது என்று எழுத வேண்டுமானால், அது தின்னும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது, முதல் படத்தில் தெரியாத கால்கள் தெரியத் தொடங்கும். நானும் இப்போது ஒவ்வொரு படத்துக்கும் கீழே திகதி, நேரம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்ற மூன்றையும் எழுதுகிறேன். வெளிச்சத்தின் பக்கத்தைக் குறித்துவைப்பதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. பிறகு நான்கு வெவ்வேறு பரும்படிப் படங்களிலிருந்து ஒரு சித்திரத்தை அமைக்கும்போது, வாளியின் நிழல் இடப்பக்கமும் கிணற்றின் நிழல் வலப்பக்கமும் விழாமல் அது காப்பாற்றும்.

மயிர்க்கொட்டி என்றதும் நமது நாட்டுக் கதை ஒன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பொட்டர் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்னரே, 1823இல், பேராதனைத் தாவரவியற் பூங்காவில் ஹர்மனிஸ் டி அல்விஸ் என்ற சிங்களவர் சித்திரக்காரராக நியமனம் பெற்றார். ஏறக்குறைய நாற்பது வருடங்கள் நமது செடி கொடிகளை வரைந்தார். அவருக்குப் பின் அவருடைய புதல்வர்களான வில்லியமும் ஜோர்ஜும் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். 1880க்கும் 1887க்கும் இடையில் மூன்று பெரிய தொகுதிகளாக வெளிவந்த இலங்கை வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் பற்றிய நூலின் படங்களுக்கு மூலம் அந்தச் சகோதரர்களின் சித்திரங்களே. பேராதனைக்குச் சுற்றுலா போகும் நாம் ஒர்க்கிட் மனையையும் தொங்கு பாலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். ஒரு குடும்பம் தலைமுறையாக அமர்ந்து வரைந்த இடம் அது என்று எவரும் சொல்லித் தருவதில்லை.

இனி, அசையும் உயிர்களை வரைவது பற்றி. இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது. "பூனையை வரையத் தொடங்கினால் அது எழுந்து போய்விடுகிறதே!" என்பார்கள். போகட்டும். பொட்டரின் முயல் தாள்களைப் பார்த்தால் வழி விளங்கும். ஒரே தாளில் முயலின் தலை ஏழெட்டுத் தடவை இருக்கும்: பக்கவாட்டில், மேலிருந்து, காது மடிந்து, மூக்கு மட்டும், கண் மூடி. ஒன்று முழுமையாக இருக்கும், பக்கத்திலிருப்பது இரண்டே கோடாக நிற்கும்.

முறை இதுதான். தாளின் ஒரு மூலையில் தொடங்குங்கள். முதலில் காதையோ கண்ணையோ வரைய வேண்டாம். முதுகின் வளைவை ஒரே கோட்டில் இழுங்கள். பிறகு பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்று பாருங்கள். பூனை திரும்பினால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று தொடங்குங்கள். மூன்றாவது, நான்காவது என்று போகும்போது ஒன்று தெரியவரும்: எந்த உயிரும் சில நிலைகளுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. முன்பு இருந்தது போலவே மீண்டும் அமரும்போது, பாதியில் விட்ட முதல் படத்துக்குத் திரும்பிப் போய்த் தொடரலாம். கோழி, ஆடு, சமையலறையில் வேலை செய்யும் உம்மா, எவருக்கும் இது பொருந்தும். உம்மா தேங்காய் துருவும்போது தோள் ஒரு பத்து விநாடிக்கு ஒரு தடவை அதே இடத்துக்கு வரும். எண்ணிப் பாருங்கள்.

பொட்டரும் தம் பிராணிகளோடு பட்ட பாட்டை வேடிக்கையாக எழுதியிருக்கிறார். 1905இல் வெளிவந்த திருமதி டிகி-விங்கிள் கதையின் நாயகி ஒரு முள்ளெலி. வண்ணாத்தி வேலை செய்பவள். மாதிரியாக இருந்தது அவருடைய வளர்ப்பு முள்ளெலி. அது மடியில் உறங்கச் சம்மதிக்கும். அரை மணிநேரம் நிமிர்த்தி நிறுத்தி வைத்தாலோ முதலில் பரிதாபமாகக் கொட்டாவி விடுமாம், பிறகு கடித்தே விடுமாம். ஆகவே உடுப்புகளை வரைவதற்கு ஒரு பொம்மையை நிறுத்திக்கொண்டார். முகம் உயிரிலிருந்து, சட்டை பொம்மையிலிருந்து. தேவைக்கேற்ப இரண்டையும் சேர்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கைத்தொலைபேசியில் படம் எடுத்து அதைப் பார்த்து வரையக் கூடாதா என்றும் கேட்பீர்கள். கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பொட்டரின் தந்தை புகைப்படக் கலையில் பெரும் ஆர்வம் கொண்டவர். அவர் எடுத்த படங்களை ஜோன் எவரெட் மில்லே என்ற பெரும் ஓவியர் தமது வேலைக்கு உதவியாகப் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் புகைப்படத்துக்கு இருப்பது ஒரு கண், நமக்கு இரண்டு. நாம் ஒரு பொருளைப் பார்க்கும்போது தலையைச் சிறிது அசைக்கிறோம், பின்னால் இருப்பது எட்டிப் பார்க்கிறது, அதனால் அது உருண்டை என்று தெரிகிறது. புகைப்படம் ஏற்கெனவே தட்டையாகிவிட்ட ஒன்று. உயிரிலிருந்து நூறு தடவை வரைந்த கைக்குப் புகைப்படம் துணை நிற்கும். ஒரு தடவையும் வரையாத கைக்கு அது வெளிக்கோட்டை மட்டுமே தரும். போட்டிகளுக்கு வரும் ஓவியங்களில் எது இணையத்துப் படத்தைப் பார்த்து வரையப்பட்டது என்பதைச் சற்றுப் பழகிய எவரும் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம் என்பது என் கருத்து. அதே மில்லேயைப் பற்றி ஒரு செய்தி. வரையக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், உன்னிடமோ அவதானிக்கும் ஆற்றல் இருக்கிறது என்ற பொருளில் அவர் இளம் பொட்டரிடம் சொன்னாராம். பொட்டர் அதைத் தமது நாட்குறிப்பில் பதிந்துவைத்திருக்கிறார். அந்த நாட்குறிப்பு முழுவதும் அவரே உருவாக்கிய இரகசிய எழுத்தில் இருந்தது. அவர் மறைந்து பதினைந்து வருடங்களின் பின், 1958இல்தான், லெஸ்லி லின்டர் என்பவர் அதை வாசிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்.

உந்துதல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். பொட்டருக்கு அது மூன்று நான்கு இடங்களிலிருந்து வந்திருக்கிறது. ஒன்று நூதனசாலை. 1903இல் வெளிவந்த 'குளொஸ்டர் தையற்காரர்' கதையில் நோயுற்ற ஒரு தையற்காரருக்காகச் சுண்டெலிகள் இரவோடிரவாக ஒரு பட்டு அங்கியைத் தைத்து முடிக்கின்றன. கதை 18ஆம் நூற்றாண்டில் நடப்பது. அக்காலத்து உடுப்புகளை எங்கே பார்ப்பது? வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சவுத் கென்சிங்டன் நூதனசாலை இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே, இருட்டு மூலையில் நின்று வரைவது கடினமாக இருந்ததால், அவற்றை ஓர் அலுவலக மேசையில் வைத்து வரைவதற்கு அனுமதி பெற்றார். அந்தக் கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் பூவேலை அங்கியின் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு தையலும் எண்ணக்கூடியதாக இருக்கும். நமது வீடுகளில் பெட்டிக்கு அடியில் கிடக்கும் உம்மும்மாவின் கலியாணச் சேலையும் தொப்பி பின்னும் ஊசியும் பாய் இழைக்கும் அச்சும் எந்த நூதனசாலைக்கும் குறைந்தவையல்ல. கேட்டால் எடுத்துத் தருவார்கள். என் உம்மும்மா தந்ததோடு, அது வந்த கதையையும் ஒரு மணிநேரம் சொன்னார்.

இன்னொன்று இடம். 1903ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் டெர்வென்ட் ஏரிக்கரையிலுள்ள ஒரு வீட்டில் குடும்பம் தங்கியது. அந்த வீட்டுக்கு ஒரு மரக்கறித் தோட்டம் இருந்தது. பொட்டர் அந்தக் கோடை முழுவதும் முயலை விட்டுவிட்டு முயலுக்குப் பின்னால் இருப்பவற்றை வரைந்தார்: லீக்ஸ் பாத்தி, வெங்காயம், சலாது, அடுக்கி வைத்த பூச்சாடிகள், மதில், கதவு. மறு வருடம் 'பெஞ்சமின் பனி' கதை வெளிவந்தபோது அந்தத் தோட்டம் அப்படியே அதற்குள் வந்து அமர்ந்தது. நம்மில் பெரும்பாலோர் ஆளை வரைந்துவிட்டுப் பின்னணிக்கு இரண்டு தென்னை மரத்தையும் ஒரு சூரியனையும் போட்டு முடித்துவிடுகிறோம். பின்னணி என்பது ஆள் வருவதற்கு முன்பே இருக்கும் இடம். முதலில் வரையப்பட வேண்டியது அதுதான் என்று நான் வாதாடுவேன்.

மூன்றாவது, யாருக்காக வரைகிறோம் என்பது. 1893 செப்டெம்பர் 4ஆந் திகதி, தம்முடைய பழைய ஆசிரியையின் ஐந்து வயது மகன் நோயுற்றுப் படுத்திருந்தபோது, அவனுக்கு எழுத வேறு செய்தி இல்லாமல் நான்கு குட்டி முயல்களின் கதையைப் படங்களோடு கடிதமாக எழுதினார். அதுதான் பீற்றர் முயல் பிறந்த நாள். மறுநாளே அவனுடைய தம்பிக்கு ஒரு தவளையின் கதை போனது. பல வருடங்களின் பின் அந்தக் கடிதத்தைத் திரும்ப இரவல் வாங்கித்தான் புத்தகமாக்கினார். பதிப்பாளர்கள் பலர் மறுத்தார்கள். குழந்தையின் கைக்கு அடங்கும் சிறிய புத்தகமாக இருக்க வேண்டும் என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1901 டிசெம்பரில் தம் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டார். அடுத்த வருடம் ஒக்டோபரில் ஃபிரடெரிக் வோன் நிறுவனம் அதை வர்ணப் படங்களோடு வெளியிட்டது. அதன் பிறகு நடந்தது உலகறிந்தது.

எல்லோரும் பொட்டரைப் போல் பொருளை முன்னால் வைத்துத்தான் வரைய வேண்டும் என்பதும் இல்லை. நமது நாட்டின் சிபில் வெத்தசிங்க இதற்கு நல்ல உதாரணம். 1927இல் காலிக்கு அண்மையில் கிந்தோட்டையில் பிறந்தவர். சிறுவயதிலேயே கொழும்புக்கு வந்துவிட்டார். ஓவியக் கல்லூரிக்குப் போனவரல்லர். பத்திரிகைகளில் வரைந்தே பழகினார். 1956இல் வெளிவந்த அவருடைய 'குடை திருடன்' கதையில் வரும் கிராமம், விட்டுப் பிரிந்த கிந்தோட்டையின் நினைவு. குடையே இல்லாத ஊருக்கு ஒருவர் பட்டணத்திலிருந்து குடை வாங்கி வருகிறார். ஒவ்வொரு தடவையும் அது காணாமற் போகிறது. திருடன் ஒரு குரங்கு. அந்தப் படங்களில் வீட்டின் சுவர் நேராக நிற்காது, பாதை சுருண்டு போகும், ஆட்களின் கால்கள் நடனமாடும். நினைவு அப்படித்தான் இருக்கும். 2020இல், தொண்ணூற்றிரண்டு வயதில் மறையும் வரை அந்தச் சிறுமியின் கண்ணை அவர் தொலைக்கவில்லை. பார்த்து வரைவதும் நினைத்து வரைவதும் எதிரிகள் என்று நான் நினைக்கவில்லை. நான் வாரத்தில் ஒரு நாள், காலையில் பார்த்து வரைந்த ஒன்றை இரவில் கொப்பியைத் திறக்காமல் மீண்டும் வரைந்து பார்ப்பேன். எது விடுபட்டதோ அதுதான் நாளைய பாடம்.

இங்கே ஒரு விடயத்தைத் தொட்டுச் செல்ல வேண்டும். உயிருள்ளவற்றை வரைவது குறித்து நமது சமூகத்தில் ஒரே கருத்து இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் பூனையை வரைந்தால் வாப்பா கண்டும் காணாதவர் போலப் போய்விடுவார். இலையையோ காளானையோ வரைந்தால் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, "மாஷா அல்லாஹ், இந்த நரம்பெல்லாம் இப்படியா ஓடுகிறது?" என்று கேட்பார். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. மனம் ஒப்பாதவர்களுக்குச் சித்திரக் கொப்பி மூடப்பட்டுவிட்டது என்று மட்டும் எண்ண வேண்டாம் என்றே சொல்கிறேன். பொட்டரின் மிகச் சிறந்த வேலை எது என்று என்னைக் கேட்டால் முயல் அல்ல, காளான்தான் என்பேன்.

ஸ்கொட்லாந்தில் சார்ள்ஸ் மெக்கின்டொஷ் என்று ஒருவர் இருந்தார். கிராமத்துத் தபால்காரராக இருந்தவர். தபாற்பையோடு மைல் கணக்கில் நடந்ததில் அந்தப் பிரதேசத்துப் பாசிகளையும் காளான்களையும் அறிந்தவர். 1892இல் பொட்டர் அவரைச் சந்தித்தார். அதன் பின் அவர் லண்டனுக்குத் தபாலில் காளான் அனுப்புவார், பொட்டர் வரைந்த படத்தின் பிரதி அவருக்குத் திரும்பிப் போகும். காளானின் அழகை வரைந்தால் மட்டும் போதாது, இனம் காண வேண்டுமானால் நெடுக்காக வெட்டிய தோற்றத்தையும், குடைக்கு அடியில் விசிறி மடிப்புப் போல் நிற்கும் தகடுகளையும் தனியாகக் காட்ட வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பின் வந்த படங்களில் இரண்டும் இருக்கின்றன. நமது உயிரியல் செய்முறைக் கொப்பியில் நாம் வரையும் முறையும் இதுவேதான்.

காளானின் வித்திகளைக் கண்ணால் காண ஓர் இலகுவான வழி இருக்கிறது. நன்கு விரிந்த ஒரு காளானின் தண்டை நறுக்கிவிட்டு, குடையைத் தகடுகள் கீழே பார்க்கும்படி ஒரு தாளில் வையுங்கள். தாளின் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் இருந்தால் நல்லது, ஏனெனில் வித்தி வெள்ளையாக இருந்தால் வெள்ளைத் தாளில் தெரியாது. மேலே ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் குடையை மெதுவாகத் தூக்கினால், சக்கரத்தின் ஆரைகள் போல ஒரு படம் விழுந்திருக்கும். காளான் தானே வரைந்த படம். அந்த நிறம் இனம் காண்பதற்கு முக்கியமான அடையாளம். தொட்ட பின் கையைக் கழுவுங்கள். தெரியாத காளானைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

பொட்டர் இதற்கும் அப்பால் போனார். வித்திகளைக் கண்ணாடித் துண்டில் முளைக்க வைத்து, நுணுக்குக்காட்டியினூடாக 600 மடங்கு பெருப்பித்து வரைந்தார். இரசாயனவியலாளரான அவருடைய மாமா சேர் ஹென்றி ரொஸ்கோ அவரை கியூ தாவரவியற் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பணிப்பாளர் அவரைப் பொருட்படுத்தவில்லை. பட்டம் இல்லை, பதவி இல்லை, முப்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு கட்டுப் படங்களோடு வந்து நிற்கிறாள். என்றாலும் அவர் தமது அவதானங்களை ஒரு கட்டுரையாக எழுதினார். 1897 ஏப்ரல் 1ஆந் திகதி அது லண்டன் லின்னியன் சங்கத்தின் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. எழுதியவர் அங்கே இல்லை. பெண்கள் அச்சங்கத்தில் அங்கத்தவராகவோ கூட்டத்துக்கு வரவோ முடியாது என்பதால் கியூவைச் சேர்ந்த ஜோர்ஜ் மஸ்ஸி என்பவரே அவர் சார்பில் அதை முன்வைத்தார். இன்னும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பிறகு அது அச்சேறவே இல்லை. இன்று அதன் பிரதிகூட இல்லை. பெண்களை அங்கத்தவராகச் சேர்க்கும் தீர்மானம் வர இன்னும் ஏழு வருடங்கள் போயின. கட்டுரை முன்வைக்கப்பட்டு நூறு வருடங்களின் பின், 1997இல், பொட்டர் நியாயமாக நடத்தப்படவில்லை என்பதை அச்சங்கம் ஏற்றுக்கொண்டது.

இந்தச் சம்பவத்தை வைத்துப் பொட்டரை உலகின் முதல் காளான் விஞ்ஞானி என்பது போல எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அது மிகை. வித்திகளை முளைக்க வைத்தவர்கள் ஐரோப்பாவில் அவருக்கு முன்பும் இருந்தார்கள். கட்டுரையே இல்லாதபோது அதன் பெறுமதியை அளப்பதும் எவ்வாறு? என்னைத் தொட்டது வேறொன்று. கட்டுரை போய்விட்டது, படங்கள் போகவில்லை. நூற்றுக்கணக்கான காளான் படங்களை அவர் ஏரி மாவட்டத்தில் அம்பிள்சைட் என்ற ஊரிலுள்ள ஆர்மிட் நூலகத்துக்கு விட்டுச் சென்றார். ஒவ்வொன்றிலும் திகதியும் இடமும் இருக்கும்படி வேலை செய்பவர் அவர். 1943இல் அவர் மறைந்தார். 1967இல் ஃபிண்ட்லே என்ற காளானியல் அறிஞர் இங்கிலாந்தின் காளான்கள் பற்றி ஒரு வழிகாட்டி நூல் எழுதியபோது, பொட்டரின் படங்களில் 59ஐ அதில் சேர்த்துக்கொண்டார். வரைந்து எழுபது வருடங்களாகியும், அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் காட்டுக்குப் போய், இது இன்ன காளான் என்று சொல்ல முடிந்தது. கூட்டத்துக்குள் விடப்படாத பெண்ணின் படம், புத்தகத்தின் வழியாக உள்ளே போய்விட்டது.

புத்தகங்களில் உழைத்த பணத்தில் அவர் 1905இல் ஏரி மாவட்டத்தில் ஒரு பண்ணை வாங்கினார். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நாட்டின் பாரம்பரியச் சொத்துகளைப் பாதுகாக்கும் நிறுவனத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். பிற்காலத்தில் கண் பார்வை குறைந்து, வரைவதும் குறைந்தது. ஆட்டு மந்தை பெருகியது. அது வேறு ஒரு கட்டுரைக்கு உரியது.

எங்கள் கல்லூரியின் பின்புறம், வலைப்பந்துத் திடலுக்கு அப்பால், வெட்டப்பட்ட பலாமரத்தின் அடிக்கட்டை ஒன்று இருக்கிறது. ஒக்டோபர் மழைக்கு அதில் மூன்று வகைக் காளான்கள் வருகின்றன. ஒன்று தட்டையாக, மரத்தோடு ஒட்டி விசிறி போல. இன்னொன்று காதைப் போல் மெல்லியது, வெயில் பட்டால் சுருங்கி மழை வந்தால் விரியும். மூன்றாவது சாம்பல் நிறக் குடை, இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. அதன் வித்திப் பதிவு எனக்கு இளஞ்சிவப்பாக விழுந்தது. வெட்டுமுகம், தகடு, பதிவின் நிறம், திகதி, வெளிச்சம் வந்த பக்கம் எல்லாவற்றையும் இரண்டு தாள்களில் வரைந்து எங்கள் உயிரியல் ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் பேராதனைக்குப் போகும்போது அங்கே தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிப் பெயர் கேட்டு வருவதாகச் சொன்னார். தாள் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறையும் அவரே தந்தார்.